வெத்தலையும் இடது கையும்

ராயபுரம் மேடைப் பேச்சை இனி யாரும் டேக் பண்ணாதீங்க, கேட்டாச்சு. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மா மறதியா இடது கையால வெத்தல போட்டுக்கிட்டாங்களாம், அந்தப் பாவம் தீர ரோடு போட்டாங்களாம். கைதட்டல் வேற.

ஐயா, அது சாலை. பரிகாரம் இல்ல. மதுரையிலேர்ந்து கன்னியாகுமரிப் பக்கம் போற பாதை. மண்ணைக் கொட்டி மட்டம் தட்டினா சாலை முடிஞ்சுடாது. ரெண்டு பக்கமும் மரம் வெக்கணும். கன்னு வேர் பிடிக்கிற வரைக்கும் கோடையில தண்ணி ஊத்த ஆள், ஆடு மேயாம இருக்க முள்வேலி. நடந்து வர்றவனுக்குக் கிணறு, ராத்தங்கச் சத்திரம். சத்திரத்தைக் கட்டிட்டு மட்டும் போனா கொஞ்ச நாள்ல அடுப்பு அணைஞ்சுடும். நிலத்தை மானியமா எழுதி வெச்சாத்தான் அந்த விளைச்சல்ல சோறு வேகும். மானியம் கைமாறிச்சுன்னா சுவர் மட்டும் நிக்கும். மதுரை ஸ்டேஷனுக்கு எதிர்ல இன்னைக்கும் மங்கம்மா சத்திரம்னுதானே சொல்றோம்? இதெல்லாம் நிர்வாகம். கணக்கு.

எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல பைக் ஓட்டறவங்களைக் கேளுங்க. நம்ம ஏரியாவுக்கு ரோடு போடறவங்களும் ஒருதடவை இடது கையால வெத்தல போட்டா தேவலைம்பாங்க.

"அவங்க ராணியே இல்ல, பேரனுக்குக் காப்பாளர்"னு ஒருத்தர் வருவார். சரி. 1689ல மகன் அம்மை கண்டு போயிட்டான், மருமகளும் இல்ல. பட்டம் பச்சக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்கு. கோப்பு பார்த்தது குழந்தையா?

"ஔரங்கசீப்புக்குக் கப்பம் கட்டினாங்களே?" கட்டினாங்க. செஞ்சியை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698ல பிடிச்ச படை அது. அதோட தளபதி சுல்பிகர் கான் மங்கம்மாவோட தலைநகர் திருச்சிப் பக்கம் திரும்பாம இருக்கக் கொடுத்த காசு. மராட்டியர், மைசூர், தஞ்சாவூர், ராமநாதபுரம் சேதுபதின்னு நாலு பக்கமும் ஆள் நிக்கும்போது வாளை உருவிக்கிட்டு நின்னாத்தான் வீரமா? காவிரியை மைசூர் சிக்க தேவராயர் மறிச்சப்போ, அதுவரைக்கும் அடிச்சுக்கிட்ட தஞ்சாவூரோடவே கை கோத்துப் படை சேர்த்தாங்க. வெள்ளம் வந்து அணையை உடைச்சுது, அது வேற.

சேதுபதிகிட்ட 1702ல தோத்தாங்க. அவங்க படைத்தலைவர், தளவாய் நரசப்பையா அதுல செத்தார். ஆமா, தோல்விதான்.

எனக்கு எரியறது இதுதான். திருமலை நாயக்கர் மஹால் கட்டினார். எந்தப் பாவத்துக்குப் பரிகாரம்னு ஒரு பயலாவது கேட்டானா? ஆம்பளை கட்டினா ஆட்சி, பொம்பளை கட்டினா பிராயச்சித்தம்!

வீடியோவுல மூணாவது நிமிஷம் பாருங்க. முன்வரிசையில யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க, "இடது கை"ன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்குதுங்க.