சந்தைக்குப் போனால் சாமான் வாங்குங்கள்

வியட்நாம் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் நேற்று போட்டோக்கள் அனுப்பியிருந்தார். அதில் ஒன்று வடக்கு வியட்நாமின் சாபா மலையில், அங்கே வாழும் மோங் என்கிற மலையினத்துப் பாட்டி ஒருவரின் முகம். ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்று எடுத்திருக்கிறார். "அந்தம்மாகிட்ட என்ன வாங்கினீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் வாங்கல, விலை ரொம்பச் சொன்னாங்க" என்றார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. இரண்டு வருஷம் முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

நாங்கள் எட்டுப் பேர் போனோம், ஒரு ஜூன் மாதம். நாற்பது பேரோடு பஸ்ஸில் ஏறி, கொடி பிடித்தவர் பின்னால் ஓடுவது வேண்டாம் என்பதில் எல்லோரும் தெளிவாக இருந்தோம். சின்னக் குழு என்றால் மலைக் கிராமங்களில் நிதானமாக நடக்கலாம், அங்கே இருப்பவர்களுக்கும் தொந்தரவு இருக்காது என்று எண்ணம். ஹனோயில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது லாவ் காய். சீன எல்லையை ஒட்டிய ஊர். அங்கிருந்து வேனில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் சாபா. பிரெஞ்சுக்காரர்கள் வெயில் தாங்காமல் மேலே ஏறி வந்து உண்டாக்கிய மலை ஊர் அது. நம் ஊட்டியின் கதைதான்.

வேன் கதவு திறந்ததும் ஏழெட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த நீலச் சட்டை, முதுகில் மூங்கில் கூடை. "எந்த ஊர்? எத்தனை பிள்ளைகள்?" என்று ஆங்கிலத்தில் கேள்வி. எங்களுக்கு அமர்த்தப்பட்டிருந்த வழிகாட்டி சமவெளியிலிருந்து வந்த இளைஞர், வியட்நாமின் பெரும்பான்மை கின் இனத்தவர். "பேச்சுக் கொடுக்காதீர்கள், அப்புறம் விடமாட்டார்கள்" என்று எச்சரித்தார். நாங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். முவாங் ஹோவா பள்ளத்தாக்கில் இறங்கி, லாவ் சாய் வழியாகத் தா வான் கிராமம் வரை நடை.

மழை பெய்து வரப்பெல்லாம் களிமண். அக்காவுக்கு முழங்கால் வலி வேறு. முதல் சறுக்கலிலேயே ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பெண்களில் ஒருத்தர், நாற்பது வயதிருக்கும். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அந்தக் கை அக்காவை விடவில்லை. எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எது ஆடும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஓய்வெடுத்த இடத்தில் பெரணி இலையைப் பறித்து ஒரு குட்டிக் குதிரை பின்னிக் கொடுத்தார். அப்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகைகளுக்குள் நீலம் ஊறிப்போயிருந்தது. நகக்கண்ணிலும் நீலம். அவுரிச் சாயம்.

தா வான் வந்ததும் அவர் கூடையை இறக்கித் திறந்தார். பூ வேலை செய்த சின்னப் பைகள், வளையல்கள். "என்னிடம் வாங்குங்கள்" என்றார். அக்காவின் முகம் வாடிவிட்டது. "பாசமா கூட வர்றாங்கன்னு நினைச்சேன், கடைசியில வியாபாரமா?" என்றாள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். வழிகாட்டித் தம்பிக்கு, நான் சொன்னேன் பார்த்தீர்களா என்கிற முகம்.

ராத்திரி மரவீட்டுப் பரணில் கொசுவலைக்குள் படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் காலையிலிருந்து வேலை செய்திருக்கிறார். வயல் வேலையை விட்டுவிட்டு, ஒரு முழங்கால் வலிக்காரியை மலையிறக்கி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். வழிகாட்டுவதற்கான பணத்தை நாங்கள் ஹனோயில் ஒரு அலுவலகத்தில் கட்டியிருந்தோம். வழிகாட்டியது அவர். அவருக்குக் கூலி என்று ஏதாவது உண்டென்றால் அந்தப் பையை விற்று வருகிற காசுதான். அதை நாங்கள் தொல்லை என்று சொன்னோம்.

சாபாவில் பணம் இல்லாமல் இல்லை. 2014-இல் ஹனோயிலிருந்து லாவ் காய்க்கு விரைவுச்சாலை வந்தது. 2016-இல் ஃபான்சிபன் சிகரத்துக்குக் கேபிள் கார் வந்தது. ஊர் முழுக்க அடுக்குமாடி ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. பெரும்பாலும் கீழேயிருந்து வந்தவர்களின் முதலீடு. அந்த மலையில் படி படியாக வயல் வெட்டி, குளிரால் வருஷத்துக்கு ஒரே ஒரு போகம் நெல் எடுக்கும் குடும்பங்களிடம் வந்து சேர்வது கூடையில் இருப்பதை விற்ற காசுதான். எட்டுப் பேர் போனாலும் எண்பது பேர் போனாலும் பணம் வேறு பக்கம் போனால் என்ன வித்தியாசம்? சின்னக் குழு என்பதாலேயே நாம் நல்ல விருந்தாளி ஆகிவிட மாட்டோம். இதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மறுநாள் காலை அதே பெண்மணி வீட்டு வாசலில் நின்றார். அக்கா மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன விலைக்கு இரண்டு பை வாங்கினாள். சணல் நாரை நூலாக்கி, தறியில் நெய்து, தேன்மெழுகால் கோலம் எழுதி, அவுரித் தொட்டியில் திரும்பத் திரும்ப முக்கிக் காயவைத்துச் செய்கிற துணி அது. பழைய முறையில் ஒரு பாவாடை முடிய மாதக்கணக்கில் ஆகும். மெஷினில் அச்சடித்த துணியும் சாபாவில் விற்கிறது, விலையும் குறைவு. நல்ல துணியை முகர்ந்து பார்த்தாலே தெரிகிறது, இலையும் புகையும் கலந்த ஒரு வாசனை. பையைத் தொட்ட என் விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது.

அன்றைய நடைக்கு வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி அந்தக் கிராமத்து மோங் பெண் ஒருத்தியையே வழிகாட்டியாகக் கேட்டோம். இருபத்திரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லையாம். சின்ன வயதில் வளையல் விற்றபடியே சுற்றுலாக்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஆங்கிலம், ஆனால் அவ்வளவு சரளம். முந்தைய நாள் சாத்தியிருந்த கதவுகளெல்லாம் அன்று திறந்தன. போகிற வழியில் அவள் சித்தி, அவள் மாமியார், அவள் சிநேகிதி. ஒரு வீட்டில் அடுப்படியில் உட்காரவைத்தார்கள். எங்களைப் பற்றி அவர்கள் கேட்க, அவள் மொழிபெயர்த்தாள். அக்காவின் மூக்குத்தியைப் பார்த்து, "வலிக்காதா? தூங்கும்போது கழற்றுவீர்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். முதல் தடவையாக, நாங்கள் அவர்களைப் பார்த்த அளவுக்கு அவர்களும் எங்களைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாக் ஹா சந்தை. சாபாவிலிருந்து வேனில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பூ மோங் என்று சொல்லப்படும் பிரிவினர் பெரும் கூட்டமாக வரும் வாரச் சந்தை. சிவப்பும் பச்சையும் ரோஜா நிறமுமாகப் பாவாடைகள். ஒரு பக்கம் எருமை வியாபாரம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, முதுகைத் தட்டி, விலை படியாமல் நடந்து போய்த் திரும்பி வருகிறார்கள். நம்மூர் மாட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு மொழியே தேவையில்லை. இன்னொரு பக்கம் அரிவாள், கலப்பைக் கொழு, விதை, கோழிக்குஞ்சு. பிளாஸ்டிக் கேன்களில் சோளச் சாராயம். பெரிய கொப்பரையில் தாங் கோ கொதிக்கிறது, குதிரைக் கறியும் குடலும் போட்டுச் செய்வது. ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். பெண்கள் பாவாடையை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்க்கிறார்கள். இது யாரும் நமக்காக நடத்துகிற சந்தை இல்லை. நாம் போகாவிட்டாலும் அடுத்த ஞாயிறு கூடும்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. பெஞ்சில் ஒரு பாட்டி கிண்ணத்தில் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைப்பாகை, காதில் வெள்ளி வளையம், அழகான முகம். எங்களில் ஒருவர் போனை எடுத்தார், அடுத்தவர் எடுத்தார். எட்டுப் பேரும் அரைவட்டமாக நின்றுவிட்டோம். பாட்டி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி மீதியைச் சாப்பிட்டார். சாப்பிடுகிறவர்களை வெறித்துப் பார்க்காதே என்று சின்னப்பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நேராகப் பழக்காரப் பெண்ணிடம் போனேன். பாக் ஹாவில் ஜூன் என்றால் பிளம்ஸ் பழக் காலம், கூடை கூடையாக வந்து குவியும். இரண்டு கிலோ கேட்டேன். அந்தப் பெண் நல்ல பழமாகப் பொறுக்கிப் போட்டு, மிளகாயும் உப்பும் கலந்த தூளை ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்து, தொட்டுச் சாப்பிடு என்று ஜாடை காட்டினார். மாங்காய்க்கு நாம் தொட்டுக்கொள்கிற அதே உப்பு மிளகாய். நான் கண்ணை மூடி "ஆ" என்றதும் பக்கத்துக் கடைக்காரர்கள் வரை சிரித்தார்கள். அடுத்த ஒரு மணி நேரம் அந்தச் சந்தையில் எனக்கு இடம் இருந்தது. வாங்க வந்த ஆளாக நின்றேன்.

பேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்தாயிரம் டாங் என்பது நம் காசில் முப்பத்துச் சொச்சம் ரூபாய். நோட்டில் சைபர் அதிகம் என்பதால் பெரிய தொகையை மிச்சம் பிடிப்பதுபோலத் தோன்றுகிறது. பேரம் பேசுங்கள், அவர்களுக்கும் பழக்கம்தான். ஆனால் மாதக்கணக்கில் செய்த துணியை அறுபது ரூபாய்க்காக முகத்தைச் சுளித்துத் திருப்பித் தராதீர்கள். குழந்தைகளிடம் மட்டும் வாங்க வேண்டாம், சாக்லேட்டும் கொடுக்க வேண்டாம். பிள்ளை சம்பாதிக்கிறது என்றால் பள்ளிக்கூடம் பின்னால் போய்விடும். அம்மாவிடம் வாங்குங்கள்.

எந்த ஊருக்குப் போகக்கூடாது என்பதிலும் எனக்கு ஒரு கோடு உண்டு. தாய்லாந்தின் மே ஹோங் சோன் பக்கம் கழுத்தில் பித்தளை வளையம் போட்ட கயான் பெண்களின் கிராமங்கள் இருக்கின்றன. பர்மாவில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்த அகதிகள். உள்ளே போய்ப் பார்க்க நுழைவுக் கட்டணம். அவர்களில் சிலரை ஏற்றுக்கொள்ள நியூசிலாந்தும் பின்லாந்தும் தயாராக இருந்தும் தாய்லாந்து வெளியேற அனுமதிக்கவில்லை என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு 2008-இல் வெளிப்படையாகக் குற்றம் சொன்னது. விரும்பினாலும் கிளம்ப முடியாதவர்களை டிக்கெட் வாங்கிப் பார்ப்பதற்குப் பெயர் பயணம் இல்லை. பாக் ஹா பாட்டியால் திரும்பி உட்கார முடிந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

நம் பக்கத்திலும் ஊட்டிக்குப் போகிறவர்கள் தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் மந்துக்கு வண்டியை விட்டு, வளைந்த கூரை வீட்டின் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். கறுப்பும் சிவப்பும் நூலில் அவர்கள் போடும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சால்வை ஒன்று இருக்கிறது?

வருகிற செப்டம்பரில் மறுபடி போகிறோம், நெல் பழுக்கிற நேரம். இந்தத் தடவை ஆறு பேர். வழிகாட்டி அந்த மோங் பெண்ணேதான், பணம் நேராக அவள் கையில். இரண்டு ராத்திரி தா வானில், சனிக்கிழமை எல்லைப் பக்கம் கான் காவ் சந்தை, ஞாயிறு பாக் ஹா. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். "ஆன் சாய்" என்று சொன்னால் டோஃபுவும் கீரையும் சோறும் நிச்சயம் கிடைக்கும். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, வர நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ கொண்டுவாருங்கள். பெட்டியில் பாதி காலியாக இருக்கட்டும்.