ரேஷன் பையில் எவ்வளவு பருப்பு?

"ராத்திரி சாதத்தை நிறுத்திட்டேன், இப்போ சப்பாத்திதான்" என்று சொல்லாத ஆளே இல்லை. சரி. ஆனால் காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி சப்பாத்தி என்றால் மூன்று வேளையும் தானியம்தானே? அரிசியும் கோதுமையும் ஒரே வகைதான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2000 கலோரி கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், கீரையும் காயுமாக 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. அப்புறம் நிலக்கடலை, எள், எண்ணெய் எல்லாம் கொஞ்சம். மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம்.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அந்த 85 கிராம் பருப்புதான். சமைக்காத பருப்பின் எடை அது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 340 கிராம், மாதத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல். முட்டை, மீன், கறி சாப்பிடுபவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு, புளித்தண்ணீரை விட்டு நீட்டுவதுதான் சாம்பார். (நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.)

இப்போது ரேஷன் கடைக்கு வாருங்கள். நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. அதாவது நான்கு பேரின் மாதத் தானியத் தேவையான 30 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு அரிசியாக வந்துவிடுகிறது, பருப்போ தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலவச அரிசி எத்தனையோ வீடுகளின் பட்டினியைப் போக்கியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் கிடைப்பதைத்தான் ஜனங்கள் சமைப்பார்கள். அவர்களைப் பார்த்து "சாதத்தைக் குறைங்க" என்று டிவியில் அறிவுரை சொல்வது எரிச்சலாக இருக்கிறது.

இந்த அளவுகளைச் சொன்ன ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான். 1918-இல் பெரிபெரி நோயை ஆராய, பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே அறையில் தொடங்கினார்கள். தவிடு போகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது.

சத்துணவில் முட்டை போட முடிந்த அரசுக்கு ரேஷனில் பருப்பைக் கூட்டித் தரவும் முடியும். அரிசி முழுவதையும் வாங்காத அட்டைதாரர்கள் இருக்கிறார்கள். மிச்சத்துக்கு ஈடாகப் பயறோ கொண்டைக்கடலையோ கேட்டு வாங்க வழி செய்யட்டும். செலவு கூடும்தான். முதலில் இரண்டு மாவட்டங்களில் செய்து பார்க்கலாமே.