கடலில் நாங்கள் ஊர் சுற்றவில்லை

நேற்று ஒரு மேடையில் ஒருவர் கப்பல் வேலையைப் பற்றிப் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ பிள்ளைகளை உட்காரவைத்து, "கப்பல் வேலைன்னா சம்பளம் வாங்கிக்கிட்டே உலகம் சுத்தலாம், கப்பலை கம்ப்யூட்டரே ஓட்டிடும்" என்கிறார். கைதட்டல் வேறு. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடல் ஒரு படிப்பு. கப்பலில் வேலை செய்கிற நாங்கள் அங்கே போய்ப் படிக்கிறோம். இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது?

நான் கேடட்டாக, அதாவது பயிற்சி மாணவனாக, ஏறிய கப்பலில் சாரங், அதாவது டெக் மாலுமிகளின் தலைவர், லட்சத்தீவில் உள்ள மினிக்காய்த் தீவுக்காரர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அரபிக்கடலில் ஒரு மத்தியானம், காற்று துளியும் இல்லை. ஆனால் தென்மேற்கிலிருந்து நீளநீளமாக அலை வந்து கப்பலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. நான் டெக்கில், கப்பலின் மேல்தளத்தில், துரு தட்டிக்கொண்டிருந்தேன். சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இது இங்கத்து காத்து கிளப்புன அலை இல்லை. எங்கயோ புயல் இருக்கு. டெக்குல இருக்கறதையெல்லாம் கட்டு" என்று இந்தியில் சொன்னார். மறுநாள் விடியுமுன் கடல் டெக்கின்மேல் ஏறி அடித்தது. கட்டாமல் விட்டிருந்தால் பெயின்ட் டிரம்கள் உருண்டு யார் காலையாவது முறித்திருக்கும். அவர்தான் எனக்கு வாத்தியார். இதைப் படிப்பில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

"ஜி.பி.எஸ். இருக்கே" என்று வருவீர்கள். இருக்கிறது, தினமும் பார்க்கிறோம். 2017 ஜூனில் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகமான நொவொரொசிஸ்க் பக்கம் நின்ற கப்பல்களுக்கு அதே ஜி.பி.எஸ்., நீங்கள் தரையில் உள்ள கெலென்ஜிக் விமான நிலையத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டியது. அப்போது பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் (காவல் முறை) நிற்பவன் எதை நம்புவது? அதனால்தான் இன்றும் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடித்து, நட்சத்திரம் அளந்து கப்பல் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் மேட் (கப்பல் அதிகாரி) ஆக முடியாது. அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து தெரிவது அந்திக்கருக்கலில் கொஞ்ச நேரம்தான். கை நடுங்கினால் அன்றைக்குப் போச்சு. மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்கச் சொல்கிறது. 1972இல் வகுத்தது, இன்றும் அதுதான் சட்டம். எந்தக் கம்ப்யூட்டரும் அந்தப் பொறுப்பை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

"சம்பளம் நிறைய வருதே." பெரும்பாலும் கப்பலில் இருக்கிற மாதங்களுக்கு மட்டும்தான் வரும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

உலகம் சுற்றுவதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரைப் பலமுறை கடந்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் நங்கூரம் போட்ட இடத்திலிருந்து தெரிந்த விளக்குகள். கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. பெரிய டேங்கர்களைக் கரையிலிருந்து பல மைல் தள்ளி மிதவையிலேயே கட்டி எண்ணெய் இறக்குவார்கள். விசா இல்லையென்றால் கரையில் கால் வைக்க முடியாத நாடுகளும் உண்டு. தங்கச்சி கல்யாணத்தை நான் போட்டோவில்தான் பார்த்தேன். ஊருக்கு வந்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா, ஜாலியா சுத்திட்டு வந்தியா?" அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

கொரோனா காலத்தை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2020 கடைசியில் சுமார் 4 லட்சம் மாலுமிகள் காண்ட்ராக்ட் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தரையை மிதிக்காதவர்கள் அதில் உண்டு. நாங்கள் கொண்டுவந்த அரிசி, மருந்து, எண்ணெய் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, ஆட்களை மட்டும் இறங்காதே என்றார்கள். எங்களை முக்கியப் பணியாளர்களாக அறிவியுங்கள் என்று அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டுக் கேட்டது. அதற்குப் பிறகும், 2021இலும், பல துறைமுகங்களில் எங்களை இறங்க விடவில்லை.