‘அப்படியே உண்மைக் கதை’ அல்ல

அமெரிக்கக் கூலிக் கொலைகாரர் ரிச்சர்ட் குக்லின்ஸ்கியைப் பற்றிய ‘தி ஐஸ்மேன்’ (2012) படம் நடந்ததை அப்படியே காட்டுகிறது என்று இந்தக் கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. குக்லின்ஸ்கியாக நடித்த மைக்கேல் ஷானன் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் குக்லின்ஸ்கி குடும்பத்துக்காக உருகுகிறவர். நிஜத்தில் மனைவியை அடித்து நொறுக்கியவர், அந்த அம்மாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை மழுப்பியது பெரிய தவறு. மேலே கருத்து எழுதிய ஒருவர் அவர் செய்தது ‘100 கொலை’ என்கிறார். அது குக்லின்ஸ்கி சிறையிலிருந்து சொன்ன கணக்கு. நீதிமன்றத்தில் உறுதியானவை 1988இல் 4, 2003இல் இன்னொன்று, அவ்வளவுதான். ‘ஐஸ்மேன்’ என்ற பட்டப்பெயர் வந்த கதையையும் சரியாகச் சொல்ல வேண்டும். இறந்த நேரத்தை மறைக்க, தான் கொன்ற ஒருவரின் உடலை உறைய வைத்திருந்தார். 1981இல் காணாமல் போன அந்த ஆள், 1983இல் நியூயார்க் மாநிலத்தில் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடந்தார். சாதாரணமாகக் குடல் பாக்டீரியாவால் அழுகல் உள்ளிருந்துதான் தொடங்கும். உறைந்த உடல் வெளியிலிருந்து உருகுவதால் தோல் முதலில் கெடும், உள்ளுறுப்பு புதிதாகவே இருக்கும். திசுக்களில் பனி இன்னும் உருகாமல் இருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்துவிட்டார்கள். உடம்பில் காணாமல் போன அன்றைக்குப் போட்டிருந்த அதே உடுப்பு. முழுதாக உருகும்வரை காத்திருக்காத அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. இந்தத் தடயவியல் பகுதிக்கே பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.