‘புத்தம் புதியது போல’ என்று எழுதிய புண்ணியவானுக்கு

நேற்று இரவு ஒரு செடி என்னைப் பதினோரு முறை கடித்தது.

நின்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் கருவியில் சூப்பர் மாரியோ 64 விளையாடியவர்களுக்குச் செடி எது என்று சொல்ல வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும், தாலாட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியை, அதாவது ஸ்டிக்கை, மயிரிழை அளவு தள்ளினால் மாரியோ நுனிக்காலில் நடப்பான், இன்னும் கொஞ்சம் தள்ளினால் சாதாரண நடை, முழுதாகத் தள்ளினால் ஓட்டம். நுனிக்காலில் போனால்தான் அந்தச் செடி விழிக்காது. 1996இல் வந்த விளையாட்டு, விரல் நுனியின் அழுத்தத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டது என்பதுதான் அதன் அழகே. என் கையில் இருக்கும் கன்ட்ரோலரில் அந்த நுணுக்கம் செத்துப் போய்விட்டது. தள்ளுகிறேன், அசையாமல் நிற்கிறான். இன்னும் கொஞ்சம் தள்ளுகிறேன், அப்போதும் நிற்கிறான். மேலும் ஒரு நூல் அளவு தள்ளினால் தடதடவென்று ஓடிப் போய்ச் செடியின் வாயில் விழுகிறான்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கூடம் கோணல்தான். அளந்து வைத்திருக்கிறேன். ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கன்ட்ரோலர் அனுப்பும் எண்ணைத் திரையில் காட்டும் சோதனை நிரல்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் அசல் நின்டெண்டோ 64 ஸ்டிக், நேர்த்திசையில் முழுதாகத் தள்ளினால் ஏறத்தாழ 80 முதல் 85 வரை காட்டும். ‘சோதித்துப் பார்த்தது, புத்தம் புதியது போல’ என்று எழுதி எனக்கு விற்கப்பட்ட இந்தக் கன்ட்ரோலர் வலப்பக்கம் 61, இடப்பக்கம் 54 காட்டுகிறது. விட்டுவிட்டால் நடுவுக்கு வரவேண்டிய ஸ்டிக், ஆடுகிற பல்லைப் போல எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கமே படுத்துக்கொள்கிறது.

புண்ணியவானே, நீங்கள் எதைச் சோதித்தீர்கள்? பொத்தானை அழுத்தினீர்கள், திரையில் ஏதோ அசைந்தது, சோதனை முடிந்தது. படம் எடுக்கும்போது மட்டும் ஸ்டிக்கை நட்டுக்குத்தலாக நிறுத்தி, அது சரிந்து விழுவதற்குள் எடுத்திருக்கிறீர்கள். அந்த வேகத்தை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. கன்ட்ரோலர் ஓட்டின் கீறலை ஐந்து படம் எடுத்துப் போட்ட உங்களுக்கு, ஸ்டிக்கைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த தூள் கண்ணில் படவில்லையா?

அந்தத் தூளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் குற்றப்பத்திரிகையே அதுதான். திறந்து பார்த்தால் உள்ளே ஓர் ஆட்டுக்கல் இருக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணம், அதன் அடியில் உரசிக்கொண்டு நிற்கும் ஸ்டிக்கின் முனை. குழவியும் கல்லும் போலவே. ஸ்டிக்கின் உடல் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கும் இரண்டு வளைகரங்களின் பிளவுகளுக்குள் நுழைந்து போகிறது. ஸ்டிக் சாய்ந்தால் கரம் சாயும், கரத்தின் நுனியிலுள்ள பற்கள் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் விளிம்பெல்லாம் வரிவரியாகத் திறப்புகள். ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் சென்சார். வெளிச்சம் எத்தனை முறை வெட்டுப்படுகிறது என்று எண்ணித்தான் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று கன்ட்ரோலர் கண்டுபிடிக்கிறது. அடியில் உருண்டை வைத்த பழைய கணினி மவுஸுக்குள் இருந்த அதே உத்தி.

இதில் மின்சுற்று கெடுவது அபூர்வம். சென்சார்கள் இன்றும் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்கின்றன. கெடுவது பிளாஸ்டிக். கிண்ணம் குழியாகிறது, ஸ்டிக் கீழே இறங்குகிறது, ஸ்பிரிங்கின் இறுக்கம் போகிறது. வளைகரங்களின் பிளவு அகலமாகிறது. அப்புறம் நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளும்போது முதல் கொஞ்ச தூரம் அது அந்த அகன்ற பிளவுக்குள் சும்மா உலாவுகிறது. கரத்தைத் தொட்ட பிறகுதான் சக்கரம் அசையும். மாரியோ நுனிக்காலில் நடக்கும் அந்த மயிரிழைப் பகுதி முழுவதும் இந்த உலாவலில் காணாமல் போகிறது. அரைபட்டது எங்கே போகும்? அதுதான் அந்த வெள்ளைத் தூள்.

வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகள் கையில் அரைபட்ட பிளாஸ்டிக் தேயத்தான் செய்யும். அதிலும் 1998 இறுதியில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு மற்ற இடங்களிலும் மாரியோ பார்ட்டி வந்ததே, ஸ்டிக்கை முடிந்தவரை வேகமாகச் சுழற்றச் சொல்லும் சிறு விளையாட்டுகளோடு! பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையை ஸ்டிக்கின் மேல் வைத்துத் தேய்த்தார்கள். கை கொப்பளித்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வரைக்கும் புகார் போய், 2000ஆம் ஆண்டில் நின்டெண்டோ கையுறை தருவதாக ஒப்பந்தமே ஆனது. கைக்குக் கையுறை கிடைத்தது. உள்ளே அரைபட்ட கிண்ணத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. பழைய கன்ட்ரோலரை வாங்குகிறவர் ஒருவகையில் யாரோ முகம் தெரியாத ஒரு பிள்ளையின் உள்ளங்கை வேகத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சரி, அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். தேய்ந்தது என்று எழுதி விற்றிருந்தால் தேய்ந்ததாகவே வாங்கியிருப்பேனே! ‘புத்தம் புதியது போல’ என்று எழுதச் சொன்னது யார்?

இதற்கு முன்னால் ஒன்று வாங்கினேன். அதன் ஸ்டிக் வெண்ணெய் போல வழுக்கியது. இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் திரையில் கதாபாத்திரம் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. திறந்தால் உள்ளே எண்ணெய்க் குளியல்! துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெயை யாரோ மேலிருந்தே பீய்ச்சியிருக்கிறார். அந்த எண்ணெய் வெள்ளைத் தூளோடு குழைந்து சாந்தாகி, அந்தச் சாந்து கிண்ணத்தை மேலும் அரைத்து, மிச்சம் சக்கரத்தின் திறப்புகளில் போய் அப்பிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டது. ‘கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், சரியாகிவிடும்’ என்று அறிவுரை சொல்லும் அத்தனை பேரையும் உட்கார வைத்து, அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு திறப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வைக்க வேண்டும். வழவழப்பு வேண்டுமென்றால் முதலில் தூளை முழுதாக எடுக்க வேண்டும், பிறகு பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸை ஊசிமுனை அளவு வைக்க வேண்டும். அப்படியும் தேய்ந்தது வளர்ந்துவிடாது. கிரீஸ் என்பது இனி தேய்வதைத் தள்ளிப்போடுமே தவிர, போனதைத் திருப்பித் தராது.

இன்னொரு வகை அறிவாளிகள் இருக்கிறார்கள். ஸ்டிக் தானாக நகர்கிறது என்று ஒருவர் நல்ல கன்ட்ரோலரைக் குப்பையில் போட்டார். இந்த ஸ்டிக் எண்ணுகிற ஜாதி. இயக்கும் நேரத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். கட்டைவிரலை வைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டால் அப்புறம் அது தானாக நடக்காமல் என்ன செய்யும்? எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஸ்டிக்கை விட்டால் நடு திரும்பி வந்துவிடும். மூன்று பொத்தான்! அதற்குள் குப்பைக்கூடை.

இப்போது மாற்று ஸ்டிக் விற்கிறவர்களிடம் வருகிறேன். என் உண்மையான வயிற்றெரிச்சல் இங்கேதான் இருக்கிறது.

‘அசலுக்கு நிகரான புதிய ஸ்டிக்’ என்று ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது, நின்டெண்டோவின் பிற்காலத்துக் கருவியான கேம்கியூபின் ஸ்டிக் சாயல். தொட்டால் விறைப்பாக நடுவுக்கு வருகிறது. ஆகா என்று செருகி, சோதனை நிரலைத் திறந்தேன். பாதிதான் தள்ளியிருப்பேன், 80ஐத் தாண்டிவிட்டது. முழுதாகத் தள்ளினால் 112. கன்ட்ரோலர் அனுப்பும் எண்ணுக்குக் காகிதத்தில் 127 வரைக்கும் இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுகள் எல்லாம் 80ஐ ஒட்டி நிற்கும் ஸ்டிக்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 112 கொடுத்தால் என்ன ஆகும்? தேய்ந்த ஸ்டிக்கில் மாரியோ கிளம்பவே மறுத்தான், புதிய ஸ்டிக்கில் தொட்டதும் ஓடுகிறான். இரண்டுக்கும் நடுவில் செடி மட்டும் மாறாமல் கடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. உள்ளே எண்ணுகிற சக்கரம் இல்லை, பொட்டென்சியோமீட்டர் இருக்கிறது. மின்தடத்தின் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு தொடுமுனை, அது தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிச் சொல்லும் ஒரு சிறு சில்லு. அது தவறான தொழில்நுட்பம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ நல்ல கன்ட்ரோலர்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் அந்தச் சில்லில் எழுதும் நிரலில் உச்ச எண்ணை 80க்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாமே! உலோகத்தை உருக்க வேண்டாம், அச்சு வார்க்க வேண்டாம், ஒரு கணக்கைத் திருத்தினால் போதும். அசல் ஸ்டிக் ஒன்றை ஒரு முறையாவது அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்காமலே ‘நிகரானது’ என்று அட்டையில் அச்சடிக்க மட்டும் மை இருந்திருக்கிறது. உரசுகிற பாகமே வேண்டாம் என்றால் காந்த சென்சார் இருக்கிறது. அதுவும் நேற்று முளைத்ததல்ல. 1996இலேயே செகா நிறுவனத்தின் சாட்டர்ன் கருவிக்கு வந்த முப்பரிமாணக் கன்ட்ரோலரிலும், பிறகு அதே நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலும் அதைத்தான் வைத்தார்கள். இப்போது பழைய கன்ட்ரோலர்களுக்கும் காந்த ஸ்டிக்குகள் வருகின்றன. வரட்டும். ஆனால் அவற்றையும் அளந்துவிட்டு விற்கட்டும்.

அசலைப் போலவே சக்கரமும் சென்சாரும் வைத்த நகல்களும் உண்டு. நான் வாங்கியதில் ஸ்பிரிங் அவ்வளவு முரடு, அரை மணி நேரத்தில் கட்டைவிரல் கெஞ்சியது. எஃகுக் கிண்ணம் போடுங்கள் என்றார் ஒருவர். கல் எஃகானால் அப்புறம் தேய்வது குழவிதானே ஐயா?

கடைசியில் முடிவு செய்தேன்: அசல் ஸ்டிக்கை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்த கிண்ணத்தையும் இரண்டு வளைகரங்களையும் மட்டும் புதிதாக மாற்றுவது. ‘ஐந்து நிமிட வேலை’ என்று ஒரு காணொளி சொன்னது. அந்த ஐந்து நிமிடக்காரர் திறந்த கன்ட்ரோலரை அதற்கு முன் யாரும் திறந்ததில்லை போலிருக்கிறது. என்னுடையதை எனக்கு முன்னால் ஒருவர் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து முறுக்கியிருக்கிறார். ஒரு திருகின் தலையில் சிலுவை இருந்த இடத்தில் வட்டக் குழி. ரப்பர் துண்டை வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்து, மனதுக்குள் அவருடைய பரம்பரையை விசாரித்து, அதை எடுக்கவே நாற்பது நிமிடம் ஆனது. அதன் பிறகு ஸ்பிரிங். மூடியைத் தூக்கியதும் அது எங்கே பறந்தது என்று தேடியதில் இன்னொரு இருபது நிமிடம். புதிய வளைகரங்களின் பிளவு இறுக்கமாக இருந்ததால் ஸ்டிக் உள்ளே நுழையவே மறுத்தது. மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், ஒரு பொருத்திப் பார்த்தல், மறுபடி ஒரு தேய். ஒரு இழுப்பு கூடிவிட்டால் புதியதே பழையதாகிவிடும் என்ற பயத்தில் கை நடுங்கியது.

இரவு ஒன்றரை மணிக்குப் பொருத்தி முடித்தேன். சோதனை நிரலில் வலம் 81, இடம் 80. விட்டதும் பூஜ்ஜியம். இன்னொரு முறை, பூஜ்ஜியம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாரியோவை எடுத்துக்கொண்டு செடியிடம் போனேன். நுனிக்காலில் போனான். தாலாட்டு நிற்கவில்லை. அதன் தலைமாட்டிலேயே அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன், கடித்த பதினோரு முறைக்கும் சேர்த்து.

பிறகு குனிந்து உட்காருவதற்கு, நடுக்கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் இசட் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அந்தப் பொத்தானின் குட்டிப் பலகை ஓட்டுக்குள் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய ஓட்டைத் திறக்க வேண்டும். நானோ அந்த வட்டக்குழித் திருகை, மாற்றுத் திருகு இல்லாததால், அதே இடத்தில் நன்றாக இறுக்கி வைத்திருக்கிறேன்.