காந்தே ஒருபோதும் 'ஒற்றைத் தூண்' இல்லை

பிரான்ஸ் கால்பந்து வீரர் காந்தே இங்கிலாந்துக் கிளப்களான லெஸ்டரிலும் பிறகு செல்சியிலும் நடுக்களத்தில் ஆடியவர். "லெஸ்டரில் காந்தே தற்காப்புக்கு முன்னால் தனியாக நின்ற ஆள், செல்சியில் பயிற்சியாளர் சாரிதான் இடம் மாற்றிக் கெடுத்தார்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டாவது பாதியை விவாதிக்கலாம். முதல் பாதி தவறு.

2015-16இல் லெஸ்டர் பயிற்சியாளர் ரனியேரி ஆடவைத்தது 4-4-2 (நான்கு தற்காப்பு வீரர்கள், நான்கு நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள்). நடுக்களத்தின் மையத்தில் இருவர்: காந்தே, டிரிங்க்வாட்டர். காந்தே முன்னேறிப் பந்தைப் பறிப்பார், டிரிங்க்வாட்டர் பின்னால் நின்று இடத்தை அடைப்பார், பறித்த பந்தை முன்கள வீரர் வார்டிக்கு நீளமாக அனுப்புவார். அந்த சீசனில் காந்தேயின் 175 டேக்கிள்களையும் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) 156 இடைமறிப்புகளையும் பார்த்துவிட்டு 'தற்காப்பு நடுக்கள வீரர்' என்று முத்திரை குத்துவதில்தான் குழப்பமே. அந்த எண்ணிக்கை ஓடித் துரத்தியதால் வந்தது. ஒரே இடத்தில் காவல் நின்றதால் அல்ல.

செல்சியில் முதலில் பயிற்சியாளராக இருந்த கோன்டேயின் 3-4-3இலும் பெரும்பாலும் காந்தேயின் அருகில் மாட்டிச் இருந்தார். 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியில் பக்கத்தில் போக்பா. இடப்பக்கம் மத்தூயிதி உள்ளே வந்து உதவினார். 

சாரி 4-3-3இல் மூன்று நடுக்கள வீரர்களில் அடியில் ஜோர்ஜீன்யோவை வைத்து, காந்தேயை வலப்பக்கம் ஏற்றினார். எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் காந்தேயின் முதல் தொடுதல் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018 டிசம்பரில் செல்சி மான்செஸ்டர் சிட்டியை 2-0 என வென்றபோது முதல் கோல் அவருடையது. அந்த சீசன் யூரோப்பா லீக் கோப்பையோடு முடிந்தது. 2021இல் செல்சி பயிற்சியாளர் டூகல் மறுபடி இருவர் அமைப்புக்குத் திரும்பினார், அதே ஜோர்ஜீன்யோவோடு. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் இறுதியாட்டத்திலும் ஆட்டநாயகன் காந்தே.