கப்பல் அறைக்கு முகூர்த்தம் குறிக்கும் மகான்களே!

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி ஏழாம் மாடியிலிருந்து தரைக்கு வர அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு மனிதனின் ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுக்க அந்த அரை நிமிடம் போதும் என்று போன ஏப்ரலில் ஒன்பதாம் மாடிக்காரர் காட்டிவிட்டார். “நீங்களும் ஜூன் 14 கப்பல்தானாமே? பால்கனி அறையா? எவ்வளவுக்குப் போட்டீர்கள்?” என்றார். சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். “அவசரப்பட்டுவிட்டீர்களே தம்பி! நான் நேற்றுத்தான் எடுத்தேன். உங்களைவிட 640 வெள்ளி குறைவு. எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்க வேண்டும்.” கதவு திறந்தது. அவர் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார். நான் எதற்காகக் கீழே இறங்கினேன் என்பதே மறந்துபோய் நின்றேன்.

நேரம் பார்க்க வேண்டுமாம்! நான் பார்க்காத நேரமா? சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்கு, என் தங்கை கல்யாணத்துக்குப் பார்த்ததைவிட அதிகமாக நாள் பார்த்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் சலுகைகளை அள்ளி இறைக்கும் பருவம், அப்போது போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று கேட்ட ஏஜென்டுகள் எல்லோரும் ஒரே குரலில் ஓதினார்கள். ஜனவரியில் போட்டேன். ‘இரண்டாவது ஆளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் அதே அறைக்கு 50 சதவீதம்தான். ஆனால் இரண்டு மாதத்திலும் நான்கு பேருக்குமான மொத்தத் தொகை ஏறக்குறைய ஒன்றே! தள்ளுபடி ஏற ஏற முதல் விலையும் கூடவே ஏறியிருந்தது. ஆடித் தள்ளுபடிக்குப் புடவையில் புது விலைச்சீட்டு ஒட்டும் கடைக்காரராவது பழைய சீட்டின் ஓரம் தெரியும்படி ஒட்டுவார். இவர்களுக்கு அந்தக் கவனக்குறைவுகூடக் கிடையாது.

அடுத்தது கெடு. முன்பணம் கட்டிவிட்டால் போதாது. மீதித் தொகையைக் குறுகிய பயணம் என்றால் பெரும்பாலும் 75 நாளுக்கு முன்பு கட்ட வேண்டும், நீண்ட பயணம் என்றால் 90, சில நிறுவனங்களில் 120 நாள்கூட உண்டு. எனக்கு மார்ச் 31. ஒழுங்காகக் கட்டினேன். இதில் உள்ள சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. மனம் மாறியவர்கள், பணம் புரட்ட முடியாதவர்கள் எல்லோரும் விட்டுவிடும் அறைகள் அந்தக் கெடுவை ஒட்டித்தான் மறுபடி சந்தைக்கு வருகின்றன. கப்பல் நிறையாது என்று தெரிந்தால் அதன் பிறகுதான் விலையை அவிழ்த்துவிடுகிறார்கள். என் கையைக் கட்டிவிட்ட மறுவாரமே விலைக்குக் கால் முளைக்கிறது! ஏஜென்டைக் கூப்பிட்டேன். “மீதித் தொகை கட்டியாகிவிட்டதே சார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்றார். “கட்டுவதற்கு முன்பு குறைந்திருந்தால்?” என்றேன். “கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் உங்களுடையது முன்பணம் திரும்பாத கட்டணமாயிற்றே.” அந்த ‘ஆயிற்றே’வில் ஒரு கரிசனம் இருந்தது பாருங்கள், அதை மன்னிக்கவே முடியாது.

விலை இறங்குவதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. தேக்கா சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் காலையில் விற்ற வஞ்சிரம் மலிவாகக் கிடைக்கும். மீதமானால் மீன் வீண். கப்பலும் அப்படித்தான், கயிறு அவிழ்த்த பிறகு காலி அறை ஒரு காசுக்கும் ஆகாது. அறையைச் சல்லிசாகக் கொடுத்தாலும் உள்ளே வந்த ஆள் மதுக்கூடத்திலும் சூதாட்டக் கூடத்திலும் இணையக் கட்டணத்திலும் அதை ஈடுகட்டிவிடுவார். காலி இடத்தைப் பார்த்து விலையை ஏற்றி இறக்குவது 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் கணினியை வைத்துப் பழகிய வித்தை. இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் தேக்காவில் மீன் என் கண் முன்னால் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கூடையில் இன்னும் எத்தனை என்று எண்ணலாம், அடுத்த கடைக்கு நகர்வதாக நடிக்கலாம். கப்பலில் எத்தனை அறை மீதம் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். எனக்குத் தெரிவதெல்லாம் திரையில் மின்னும் ‘இன்னும் 2 அறைகளே!’ அந்த இரண்டு அறைகள் மூன்று வாரமாக இரண்டாகவே இருந்தன. சீட்டை ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் தோற்றவனைப் பார்த்து, “உனக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை” என்கிறீர்களே, அதுதான் எரிகிறது.

சரி, காத்திருந்து பார்ப்போம் என்று அதையும் செய்தேன். ஜூனில் வர முடியாத அப்பா அம்மாவை டிசம்பரில் அழைத்துப்போவதாகத் திட்டம். கடைசி நேரத்தில் விழும், பதறாதே என்றார் ஒன்பதாம் மாடி. பதறாமல் இருந்தேன். இங்கே பள்ளிகளுக்கு ஆண்டு இறுதியில் ஆறு வாரம் விடுமுறை. ஊரே கப்பலேறக் கிளம்பும் காலம் அது. விலை விழவில்லை, படியேறியது. இதற்கிடையில் திருச்சி விமான டிக்கெட் தனியாக ஏறிக்கொண்டிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டில் வரும் பெரியவர்கள் கப்பலிலிருந்து மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டுமே, அதற்குப் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். பத்து நாளில் பெட்டி கட்டும் ஓய்வுபெற்ற தம்பதிக்குச் சொல்லும் யோசனையை, இரண்டு பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு ஏன் சொல்கிறீர்கள்?

கடைசியில் அறை எடுக்க உட்கார்ந்தபோது நான்கு பேர் தங்கும் அறை ஒன்றுகூட இல்லை. இருவர் அறைகள் இருந்தன. அதில் கூடுதல் படுக்கை இருக்கிறதே, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் முடியாதாம். உயிர்காப்புப் படகுகளிலும் மிதவைகளிலும் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கதவு அடைத்துவிடும். (ஓர் அறைக்கு இருவர் என்றே கணக்கு வைப்பதால் இந்த நிறுவனங்கள் நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாக அறிக்கை விடுகின்றன. தனியாகப் போகும் ஆள் என்றால் பெரும்பாலும் அந்த இல்லாத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துக் கட்டணம்.) முடிவில் மூன்று அறைகள், மூன்று தளங்கள். அப்பா அம்மாவுக்குக் கிடைத்தது ‘பார்வை மறைக்கப்பட்ட’ கடலோர அறை. திரைச்சீலையை விலக்கினால் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்காப்புப் படகு சன்னலை அடைத்துக்கொண்டு தொங்கியது. “கடலைப் பார்க்கக் கூப்பிட்டாய் என்று நினைத்தேன்” என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விளம்பரத்தில் போடும் ‘ஒருவருக்கு 399 வெள்ளி’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். சன்னலில்லாத உள்ளறையில் இருவர் படுத்தால் ஒருவருக்கு அவ்வளவு. துறைமுக வரி தனி. பணியாளர்களுக்கான டிப்ஸ் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று தனி. ஆறு வயது மகளுக்கும் அதே டிப்ஸ். நான்கு நாளும் அவள் சாப்பிட்டது வெள்ளைச் சோறும் ஐஸ்கிரீமும்.

மறுபடி ஜனவரி வந்துவிட்டது. கொட்டை எழுத்துகளும் வந்துவிட்டன, இந்த முறை 65 சதவீதமாம். “இப்போதே போட்டுவிடலாமா, பொறுக்கலாமா?” என்று மனைவி தினமும் இரவுச் சாப்பாட்டின்போது கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பதாம் மாடிக்காரர் எடுத்தாகிவிட்டதா, எவ்வளவுக்கு எடுத்தார் என்று மட்டும் தெரியவே கூடாது. காலையில் ஏழு மாடியும் படிக்கட்டில்தான் இறங்குகிறேன். முழங்காலுக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.